சிலிகோன் குழாயில் ஹைட்ரஜெல் பூச்சு ஏன் நிற்பதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகச் சிலிகோன் ரப்பர் குழாயின் வெளிப்பக்கம் பாலிஅக்ரிலமைடு ஹைட்ரஜெல், அதாவது தண்ணீரைப் பிடித்துவைக்கும் மென்மையான பாலிமர் வலை, பூச வேண்டும். சிறுநீர்க் காதீட்டர் போல வழுக்க வேண்டும்; அப்புறம் அதில் குளோர்ஹெக்சிடின் ஏற்றிக் கிருமி அண்டாமல் செய்ய வேண்டும். டெஸ்ட் டியூபில் கெட்டியாக உறையும் அதே கரைசலை சிலிகோன்மேல் தடவி யுவி விளக்கடியில் வைத்தால், ஒரு மணி நேரம் கழித்தும் கஞ்சித் தண்ணீராகவே இருக்கிறது. அச்சு செய்து ஊற்றினால் உறைகிறது. ஆனால் தண்ணீரில் போட்ட அரை மணி நேரத்தில் பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்றுவிடுகிறது. கிராஸ்லிங்கரை (பாலிமர்ச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பொருள்) கூட்டுவதா, விலை கூடிய வேறு மோனோமருக்கு (சங்கிலியாகக் கோக்கப்படும் சின்ன மூலக்கூறு) போவதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். உங்கள் ஜெல்லில் கோளாறு இல்லை. நீங்கள் எழுதிய முழு விவரத்திலும் ஒரு எண் மட்டும் இல்லை: பூச்சின் தடிமன். உறையாமல் போவது, உரிந்து வருவது, நாளைக்கு மருந்து ஏற்றும்போது வரப்போகிற தலைவலி, மூன்றுமே அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. அதனால் செய்முறைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

முதலில் உறையாத கதை. 30 டிகிரியில் காற்று பட்டுக் கிடக்கும் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அளவு சின்னதுதான். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் பாலிமர்ச் சங்கிலியின் நுனியில் இருக்கும் ரேடிக்கல் (துணையில்லாத எலக்ட்ரானோடு எதையாவது பிடிக்கத் துடிக்கும் முனை), அடுத்த மோனோமரைப் பிடிப்பதைவிட ஆக்சிஜனைப் பல ஆயிரம் மடங்கு வேகமாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பெராக்சி ரேடிக்கலாக மாறிச் சோம்பிப் போய்விடும். சங்கிலி அங்கேயே நின்றுவிடும். டெஸ்ட் டியூபில் என்ன நடக்கிறது என்றால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை, ரேடிக்கல்களைக் கிளப்பிவிடும் இனிஷியேட்டர் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடுகிறது. புதிதாக வரும் ஆக்சிஜன் மேலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் கெழு ஒரு விநாடிக்கு சுமார் 2,000 சதுர மைக்ரான். தூரத்தின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் ஊர்ந்து வர ஆகும் நேரம் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 8 நிமிடம். 10 மைக்ரான் பூச்சுக்கு? ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு.

ஆக, நீங்கள் தடவிய மெல்லிய படலத்தில் இனிஷியேட்டர் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன காற்று பரிமாறிக்கொண்டே இருக்கிறது. விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் போட்டாலும் பந்தி முடியாது. அதற்குள் படலத்துத் தண்ணீரும் விளக்குச் சூட்டில் காய்ந்துவிடும்.

கீழ்ப்பக்கமும் பாதுகாப்பு இல்லை. தண்ணீரைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை சிலிகோன் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் அதற்குள் தாராளமாக நடமாடவும் செய்யும். (காண்டாக்ட் லென்ஸில் சிலிகோனைச் சேர்த்ததே இந்தக் குணத்துக்காகத்தான், விழிக்கு மூச்சு வேண்டுமே.) உங்கள் அச்சு வார்ப்பில் கழன்று வந்த ஜெல்லை எடுத்து, சிலிகோனைத் தொட்டிருந்த உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கத்தைவிட அது சளி போல வழவழக்கும். சிலிகோனுக்குள்ளிருந்து கசிந்த ஆக்சிஜன் அந்த எல்லையில் சங்கிலிகளை வளர விடவில்லை. பிடிப்பு எங்கே வேண்டுமோ சரியாக அங்கேதான் உறையாத அடுக்கு உட்கார்ந்திருக்கிறது.

ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நானும் இதில் ஏமாந்தேன். நைட்ரஜனை அரை மணி நேரம் கரைசலில் குமிழ விட்டுவிட்டு, ஆக்சிஜன் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ரப்பருக்குள் இருந்த சரக்கை யார் கணக்கில் எடுத்தார்கள்?

இனி உரிகிற கதை. பாலிஅக்ரிலமைடு ஜெல் தண்ணீரில் ஊறினால் கன அளவில் 8 மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்கு. ஆனால் குழாயின்மேல் ஒட்டியிருக்கும் ஜெல்லால் நீளத்திலும் அகலத்திலும் விரிய முடியாது, தடிமனில் மட்டும்தான் முடியும். விரிய நினைத்து முடியாமல் போன அந்த ஆசை முழுவதும் நெருக்கு விசையாக உள்ளேயே தேங்கும். மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுவதும் இதனால்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டொயோயிச்சி டனாகாவும் அவரோடு இருந்தவர்களும் 1987-இல் அந்த மடிப்புகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

தேங்கிய ஆற்றலுக்கு ஒரு மதிப்பு போடுவோம். உங்கள் மாதிரி மென்மையான ஜெல்லுக்குத் தோராயமாக கனமீட்டருக்கு 50,000 ஜூல் என்று வையுங்கள். இரண்டு மடங்கு கூடக் குறைய இருக்கலாம், வாதத்துக்குப் பாதகமில்லை. பூச்சு உரிந்தால் இந்த ஆற்றல் விடுதலையாகும். ஒரு சதுர மீட்டர் உரிந்தால் எவ்வளவு? தடிமனால் பெருக்குங்கள். 1 மில்லிமீட்டர் பூச்சுக்கு 50 ஜூல். 10 மைக்ரான் பூச்சுக்கு அரை ஜூல். இரசாயனப் பிணைப்பு இல்லாமல் சும்மா மேலே ஒட்டியிருக்கும் ஈர ஜெல்லின் பிடிப்பு சதுர மீட்டருக்குச் சில ஜூல்தான் தேறும். அச்சில் வார்த்த 1 மில்லிமீட்டர் உறை கழன்று வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கழலாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கிராஸ்லிங்கரைக் கூட்டினால் வீக்கம் குறையும், உண்மை. கூடவே ஜெல் விறைத்து, நொறுங்கும் தன்மை வந்து, நீங்கள் கேட்ட வழுக்கலும் போய்விடும். அது தலைவலிக்குத் தலையை மொட்டை அடிக்கிற வைத்தியம்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரியாமல் இருக்கப் பூச்சு மெல்லியதாக வேண்டும். மெல்லியதானால் ஆக்சிஜன் உறைய விடாது. இந்த இழுபறியை ஒரேயடியாகத் தீர்ப்பதுதான் நல்ல செய்முறைக்கு அடையாளம். எந்தப் பொருள், எந்த மோனோமர் என்பதெல்லாம் அடுத்த பேச்சு.

இயற்கை இதை எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால் சப்ஜா விதையை ஊறப்போடுங்கள். பத்து நிமிடத்தில் கறுப்பு விதையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓர் உறை வந்துவிடும். பலூடா கிளாஸில் ஸ்பூனைப் போட்டு எத்தனை கலக்கு கலக்கினாலும் உறை விதையைவிட்டு வராது. விதைத் தோலின் செல்களிலிருந்து செல்லுலோஸ் இழைகள் கிளம்பி அந்தக் கொழகொழப்புக்குள் நீண்டிருக்கின்றன. ஜெல்லுக்கு விதையில் வேர் இருக்கிறது. நாமும் சிலிகோனுக்குள் வேர் ஊன்ற வேண்டும்.

அதற்கு உங்களுக்கு நான் சொல்லும் வழி பென்சோபீனோன். எம்ஐடியின் ஷுவான்ஹ ஜாவோ குழுவினர் 2016-இல் ரப்பரையும் ஹைட்ரஜெல்லையும் இணைக்க இதைப் பயன்படுத்தினார்கள். 2019-இல் அதையே எந்த வடிவத்திலும் உள்ள பாலிமர்ப் பொருள்மேலும் மெல்லிய ‘ஹைட்ரஜெல் தோல்’ வளர்க்கும் முறையாக மாற்றினார்கள். அவர்களுக்குக் கிடைத்த தடிமன் 5 முதல் 25 மைக்ரான். மேலே போட்ட கணக்குப்படி உரியாத எல்லைக்குள் அழகாக வருகிறது.

பென்சோபீனோன் தண்ணீரில் கரையாது, எத்தனாலில் நன்றாகக் கரையும். அந்தக் கரைசலில் சிலிகோனை முக்கினால் எத்தனாலோடு சேர்ந்து ரப்பரின் மேலடுக்குக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீர்க்கரைசலில் போட்டாலும் வெளியே வர மனசில்லாமல் உள்ளேயே கிடக்கும். 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் கிளர்ந்து, பக்கத்தில் இருக்கும் சிலிகோன் சங்கிலியின் மெத்தில் தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். பிடுங்கிய இடத்தில் ரேடிக்கல். அதிலிருந்து அக்ரிலமைடுச் சங்கிலி நேராக ரப்பர்மேலேயே முளைக்கும். வேர் ஊன்றியாகிவிட்டது. அதே நேரத்தில் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் ஆக்சிஜனையும் இந்த ரேடிக்கல்களே தின்று தீர்க்கின்றன. கரைசலில் இருக்கும் ஆக்சிஜனைக் கவனிக்கத் தனி ஆள்: நீரில் கரையும் இர்காக்யூர் 2959 என்ற ஒளி இனிஷியேட்டர். ஆளுக்கொரு வீடு, இரண்டு காவலாளி.

செய்யும் முறை. குழாயை சோப்புத் தண்ணீரில் கழுவி, எத்தனாலில் அலசிக் காயவிடுங்கள். எத்தனாலில் எடைக்கு 10 சதவீதம் பென்சோபீனோன் கரைத்து அதில் சில நிமிடம் முக்குங்கள். 5 நிமிடத்தில் தொடங்கலாம். எடுத்ததும் சுத்தமான எத்தனாலில் ஒரே ஒரு முக்கு, உடனே நைட்ரஜனால் ஊதிக் காயவையுங்கள். இந்த ஒரு முக்கைத் தவறவிட்டால் மேற்பரப்பில் வெள்ளையாகப் படிகம் பூக்கும், பூச்சு அந்த இடங்களில் திட்டுத் திட்டாகப் போகும். நிறைய நேரம் அலசினாலோ உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். சமையலில் உப்புப் போடுகிற மாதிரி, கை பழகும்வரை நாலைந்து துண்டு வீணாகத்தான் செய்யும்.

அப்புறம் குழாயைக் கரைசல் நிறைந்த பாத்திரத்தில் முழுசாக அமுக்கி வையுங்கள், தடவாதீர்கள். கரைசலில் அக்ரிலமைடு 30 சதவீதம், இர்காக்யூர் 2959 1 சதவீதம், நைட்ரஜன் குமிழ விட்டது. கவனியுங்கள், இதில் கிராஸ்லிங்கர் இல்லை. போட்டால் பாத்திரம் முழுவதும் ஒரே கட்டியாக உறைந்து, குழாயை அதிலிருந்து தோண்டி எடுக்க வேண்டி வரும். போடாவிட்டால் தூரத்தில் வளர்ந்த சங்கிலிகள் பாகு மாதிரி இருந்து கழுவும்போது போய்விடும். ரப்பரில் முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை மட்டும் தோலாகத் தங்கும். தடிமன் தானாகவே சிறியதாக அமைவதும், காற்றுக்கும் பூச்சுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் கரைசல் இருப்பதும் இதனால் கிடைக்கும் இரட்டை லாபம். காய்ந்துபோகும் பிரச்சினையும் அதோடு ஒழிந்தது.

365 நானோமீட்டர் விளக்கில் ஒரு மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். குழாய் உருண்டை என்பதை மறக்க வேண்டாம். ஒளி படாத பக்கத்தில் பூச்சு வராது. கால் மணிக்கு ஒரு முறை திருப்புங்கள். பாத்திரம் பைரெக்ஸ் கண்ணாடியானால் 365 தாராளமாகப் போகும். கிருமி கொல்லும் 254 விளக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது கண்ணாடியிலேயே பெரும்பாலும் நின்றுவிடும், கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

முடிந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, இடையிடையே தண்ணீரை மாற்றுங்கள். இந்தப் படியில் சோம்பல் கூடாது. பாலிஅக்ரிலமைடு சாது, ஆனால் அக்ரிலமைடு மோனோமர் நரம்பைத் தாக்கும் நஞ்சு. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. பொடியை ஃப்யூம் ஹுட்டில் வைத்துத்தான் எடை போட வேண்டும், கையுறையோடு. கையுறையில் கரைசல் பட்டால் உடனே மாற்றுங்கள். வேலைக்கு நடுவில் அதே கையோடு போனை எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

சரி, மற்ற வழிகள் இல்லையா என்றால் நிறைய இருக்கின்றன. எது எந்தப் பொருளுக்கு என்பதில்தான் விஷயம்.

கண்ணாடி, டைட்டானியம், அலுமினியம், செராமிக் என்றால் நான் பென்சோபீனோன் பக்கமே போக மாட்டேன். பிளாஸ்மாவால் (மின்னூட்டம் ஏறிய வாயு, இரத்த பிளாஸ்மா இல்லை) சுத்தம் செய்து, மெத்தக்ரிலேட் தொகுதி உள்ள சிலேன் என்ற சிலிக்கன் இணைப்பு மூலக்கூறு, அதாவது டிஎம்எஸ்பிஎம்ஏ, பூசினால் போதும். 100 மில்லி தண்ணீரில் 10 மைக்ரோலிட்டர் அசெட்டிக் அமிலம், 2 சதவீதம் சிலேன், 2 மணி நேரம். ஒரு கை மேற்பரப்பைப் பிடிக்கும், இன்னொரு கை ஜெல்லோடு பாலிமராகும். இதன்மேல் ஆல்ஜினேட்-பாலிஅக்ரிலமைடு போன்ற உறுதியான ஜெல்லை ஏற்றினால் பிடிப்பு சதுர மீட்டருக்கு 1,000 ஜூலைத் தாண்டுகிறது என்று ஜாவோ குழு 2016-இல் காட்டியது. எலும்போடு குருத்தெலும்பு பிடித்திருக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலேயே. அப்படிப்பட்ட இடத்தில் மில்லிமீட்டர் கணக்கில் தடிமனாகவும் போடலாம், நம் 50 ஜூல் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சிலிகோனுக்கும் பிளாஸ்மா போடுவார்கள். ஆனால் சிலிகோனின் சங்கிலிகள் அசைந்துகொண்டே இருப்பவை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ நீர் வெறுக்கும் குணம் மேலே திரும்பி வந்துவிடும். பிளாஸ்மா போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு அந்த முறை சரிப்படாது.

பாலிடோபமைன் பற்றி நீங்களே கேட்டிருக்கிறீர்கள். 2007-இல் ஹேஷின் லீயும் பிலிப் மெசர்ஸ்மித்தும் வெளியிட்ட அழகான வேலை அது. மட்டி பாறையில் ஒட்டிக்கொள்ளும் வித்தையைப் பார்த்து, மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன், பிஎச் 8.5 டிரிஸ் பஃபர், அவ்வளவுதான். டெஃப்லான் உட்பட எதன்மேலும் ஒரு நாளில் 50 நானோமீட்டர்வரை பழுப்பாகப் படியும். அன்றிலிருந்து சிலர் எல்லா நோய்க்கும் இதே கஷாயத்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் இருக்கும் கேட்டகால் என்ற வேதித்தொகுதி ரேடிக்கல்களை அணைக்கும் குணம் உடையது. ரேடிக்கலால் வளர வேண்டிய ஜெல்லை ரேடிக்கலைத் தின்னும் அடுக்கின்மேல் வளர்ப்பது நம் கண்ணை நாமே குத்திக்கொள்வது. அமீன், தயால் என்ற வேதித்தொகுதிகள் உள்ள பாலிமரை அதன்மேல் நேரடியாக இணைப்பதற்கு அது அருமையான அடித்தளம். உங்கள் வேலைக்கு வேண்டாம்.

இரும்பு என்றால் வேறு விளையாட்டு. சீனாவின் லான்ஜோவில் இருக்கும் ஆய்வாளர்கள் 2018-இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அமிலக் கரைசலில் இரும்பு கொஞ்சம் கரைந்து ஃபெரஸ் அயனி வருகிறது; அது கரைசலில் இருக்கும் பெர்சல்பேட்டை உடைத்து ரேடிக்கல் தருகிறது. துருப்பிடிக்கும் குணமே இனிஷியேட்டராக மாறிவிடுகிறது. ஃபெரஸ் அயனி மேற்பரப்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அதனால் ஜெல்லும் அங்கே மட்டும்தான் வளரும். தடிமனை முடிவு செய்வது கடிகாரம்.

குழாயின் உள்பக்கம் பூச வேண்டும் என்று பின்னால் உங்கள் கைடு கேட்டால், கேட்பார், அப்போது ஒளியெல்லாம் உதவாது. அதற்கு ‘ஹைட்ரஜெல் பெயின்ட்’ இருக்கிறது, ஹார்வர்டில் ஷிகாங் சுவோ குழு 2019-இல் எழுதியது. பாலிமராக்கலை ஆக்சிஜன் இல்லாத குடுவையிலேயே முடித்துவிடுவார்கள், ஆனால் சங்கிலிகளின் ஓரத்தில் சிலேன் தொகுதிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பாகைத் தூரிகையால் பூசலாம், முக்கலாம், ஊற்றி வழிய விடலாம். பின்னர் சிலேன்கள் தமக்குள்ளும் மேற்பரப்போடும் கைகோத்துக்கொள்ளும். ரேடிக்கல் வேலை முன்பே முடிந்துவிட்டதால் ஆக்சிஜனுக்குக் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தொழிற்சாலையில் நிறையப் பொருள்களுக்கு ஒரே மாதிரி பூச வேண்டுமானால் நான் இந்தப் பாதையைத்தான் நம்புவேன்.

முக்கி எடுக்கும் முறையில் தடிமனை ஆள்வது இழுக்கும் வேகம். சோவியத் இயற்பியலாளர்கள் லாண்டாவ், லெவிச் இருவரும் 1942-இல் கண்டபடி, தடிமன் வேகத்தின் மூன்றில் இரண்டாம் அடுக்கில் ஏறும்: 8 மடங்கு வேகமாக இழுத்தால் 4 மடங்கு தடிமன். கையால் இழுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒரே வேகத்தில் முக்கி எடுக்கும் கருவியான டிப் கோட்டர் வாங்கப் பணம் இல்லையென்றால் பழைய பிரின்டரிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றி நூல் கட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹைட்ரஜெல்லை உலகுக்குக் கொடுத்த ஒட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டில் மெர்குர் என்ற பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துத்தான் சுழல் வார்ப்பில் முதல் மென் காண்டாக்ட் லென்ஸ்களைச் செய்தார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: பூச்சு செய்ய வேண்டிய வேலை என்ன? அதுதான் தடிமனை முடிவு செய்ய வேண்டும். ஜப்பானில் டெருவோ ஒகானோ குழு 1990 முதல் செய்துவரும் செல் தாள்களைப் பாருங்கள். வளர்ப்புத் தட்டில் பாலி-என்-ஐசோபுரோப்பில் அக்ரிலமைடு ஒட்டியிருக்கும். 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். 32-க்குக் கீழே குளிர்வித்தால் பாலிமர் தண்ணீரை உறிஞ்சி, செல்கள் ஒரே தாளாகக் கழன்று வரும். அந்தப் பூச்சு சுமார் 20 நானோமீட்டர். கொஞ்சம் தடித்து 30-ஐத் தாண்டினால் செல்கள் 37 டிகிரியிலும் ஒட்ட மறுக்கின்றன. அதே பாலிமர், அதே தட்டு. தடிமன் மட்டும் மாறியதால் வேலையே நடக்கவில்லை. இன்னொரு பக்கம் டெலிஃபில்கான் ஏ என்ற காண்டாக்ட் லென்ஸ். நடுவில் 33 சதவீதம் தண்ணீர், மேற்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல். வழுக்கலுக்கு மெல்லிய ஈரத் தோல் போதும், உள்ளே வேறு பொருள் வேறு வேலை பார்க்கலாம்.

வழுக்கலுக்கு உங்கள் 10, 20 மைக்ரான் தாராளம். மருந்துக்கு? முதலில் போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். ஜெல்லுக்குள் சின்ன மூலக்கூறு பரவும் கெழு விநாடிக்கு 500 சதுர மைக்ரான் என்று வைத்தால், 20 மைக்ரான் பூச்சிலிருந்து வெளியேற ஆகும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. குளோர்ஹெக்சிடின் கரைசலில் ஊற வைத்து எடுத்து உள்ளே செருகினால், செருகும்போதே கழுவிக்கொண்டு போய்விடும். ‘மருந்து ஏற்றிய ஹைட்ரஜெல் பூச்சு’ என்று எழுதிவிட்டு வெளியேறும் வேகத்தை அளக்காமல் விட்ட ஆய்வறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பிடித்து வைக்க ஒரு வழி மின்னூட்டம். குளோர்ஹெக்சிடினுக்கு நேர் மின்னூட்டம்; கரைசலில் கொஞ்சம் அக்ரிலிக் அமிலம் கலந்து பூச்சுக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்தால் அது இழுத்துப் பிடிக்கும். ஆனால் மின்னூட்டம் ஏறினால் வீக்கமும் ஏறும், உரிக்கும் ஆற்றலும் ஏறும். மருந்து உள்ளே ஏறி மின்னூட்டத்தை அணைக்கும்போது பூச்சு திடீரென்று சுருங்கவும் செய்யும். அதனால் மோனோமரில் 5 சதவீதத்துக்குள் தொடங்குங்கள். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, மருந்தை ஜெல்லில் ஏற்றாமல் ரப்பருக்குள் ஏற்றுவது. எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகளை சிலிகோன் நன்றாகச் சுமக்கும், மெதுவாக விடும். நார்பிளான்ட் என்ற கருத்தடைச் சாதனத்தில் ஆறு சின்ன சிலிகோன் குழல்கள் ஹார்மோனை ஐந்து வருடம் கசியவிட்டன. அந்த மாதிரி மருந்தைத் தேர்ந்தெடுத்தால் ரப்பர் கிடங்காகட்டும், ஜெல் வழுக்கட்டும். புராஜெக்ட் தலைப்பை மாற்ற கைடு சம்மதிக்க வேண்டும், அது உங்கள் பாடு.

சோதனைகள் பற்றி. பூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் கேசரி பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். பூச்சு உள்ள இடம் நிறம் பிடித்திருக்கும், வெறும் சிலிகோனில் துளித்துளியாக நின்று ஓடிவிடும். கழுவிவிட்டுப் பார்க்காதீர்கள், மருந்து ஓடுகிற அதே வேகத்தில் நிறமும் ஓடும். தடிமனுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, பிளேடால் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். காற்றில் துளி வைத்து எடுக்கும் தொடுகோண (துளியின் விளிம்பு மேற்பரப்போடு சேரும் கோணம்) அளவை முழுசாக நம்ப வேண்டாம். ஹைட்ரஜெல்லின் மேற்பரப்புச் சங்கிலிகள் காற்றைப் பார்த்தால் நீர் வெறுக்கும் பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ளும். தண்ணீருக்குள் வைத்துக் கீழிருந்து காற்றுக் குமிழியை ஒட்டவைத்து அளப்பதுதான் நியாயமான முறை.

பிடிப்பைச் சோதிக்கக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, ஒரு வாரம் தண்ணீரில் போடுங்கள். பிறகு காயவைத்து மறுபடி ஊற வையுங்கள், பத்து முறை. பல பூச்சுகள் ஊறும்போது நிற்கும், மூன்றாவது நாலாவது முறை காயவைக்கும்போது ஓரத்திலிருந்து கிளம்பும். வெட்டிய முனைகளைத்தான் கவனிக்க வேண்டும், உரிதல் எப்போதும் ஓரத்தில் தொடங்கும். இதையெல்லாம் கெடுபிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரத்தக்குழாய்க்குள் போகும் சாதனங்களின் வழுக்குப் பூச்சு உள்ளேயே உரிந்து நோயாளிகளுக்குத் தீங்கு ஏற்படுத்துவதைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 நவம்பரில் மருத்துவர்களை எச்சரித்தது.

முதல் முறை செய்யும்போது நாலு துண்டு ஒன்றாக வையுங்கள்: எல்லாம் சேர்ந்தது, பென்சோபீனோன் இல்லாதது, இர்காக்யூர் இல்லாதது, எல்லாம் இருந்தும் அலுமினியத் தாளால் சுற்றி ஒளி படாமல் வைத்தது. நாலாவதில் நிறம் பிடித்தால் அது பூச்சு இல்லை, கழுவாமல் விட்ட பாகு. ஊற வைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டு மற்ற மூன்றையும் மறுபடி பாருங்கள்.